மருந்தைப் போலவா மென்பொருளையும் வாங்குவது?

மதுரை மாவட்டத்தின் சேடப்பட்டி, கொட்டாம்பட்டி போன்ற வட்டாரங்களில் ஏதேனும் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை பெறும் முதியவர், அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அது தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு உரியது அன்று என்னும் குறிப்பைக் காண்பார். அந்த அட்டை அவர் கைக்கு வந்து சேர்வதற்குப் பின்னால் முப்பதாண்டுக் காலக் கொள்முதல் அறிவு இருக்கிறது. அதே நிலையத்தின் மேசைமீதுள்ள கணினிக்குள் இயங்கும் மென்பொருளுக்கும், அங்குள்ள மருத்துவர் சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க வேண்டிய மருத்துவ நூலறிவுக்கும் பின்னால் அத்தகைய கொள்முதல் அறிவு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

முதலில் மாத்திரையின் கதை. 1994 ஜூலையில் பதிவு செய்யப்பட்டு, 1995 தொடக்கத்தில் செயல்படத் தொடங்கியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் தேவையான அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை முதலில் சுருக்கியது. வணிகப் பெயரில் அன்றி, மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கியது. ஒப்பந்தப்புள்ளியை இரண்டு உறைகளில் கேட்டது. தகுதி உறையில் தேறியவரின் விலை உறையை மட்டுமே பிரித்தது. மாவட்டக் கிடங்குக்கு வந்த மருந்தை உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவிடவில்லை. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளரின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. யாருடைய சரக்கு என்று ஆய்வாளருக்கே தெரியாது. தரம் தவறியவர் கருப்புப் பட்டியலுக்குப் போனார். மருத்துவமனைகளுக்கு ஆளுக்கொரு பாஸ்புக் கொடுத்து, ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தேவையான மருந்தைத் தாமே எடுத்துக்கொள்ளச் சொன்னது.

கேரளமும் இராஜஸ்தானும் பின்னாளில் இதே முறையைத் தழுவிக் கழகங்கள் அமைத்தன. வளரும் நாடுகளின் பொதுச் சுகாதாரம் குறித்த ஆய்வுகளில் தமிழகத்தின் பெயர் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுவதற்கு இந்தக் கழகம் ஒரு முக்கியக் காரணம்.

இந்த வெற்றிக்கு ஓர் உள்ளார்ந்த நிபந்தனை உண்டு. 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பத்து நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பத்தும் ஒன்றுதான் என்பதை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்துவிடலாம். மாத்திரை விழுங்கப்பட்டதும் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறொருவரிடம் வாங்கினால் நோயாளிக்கு எந்த இழப்பும் இல்லை. பொருள் ஒன்றே, தரம் சோதிக்கத்தக்கது, விற்பவரை மாற்றுவது எளிது என்னும் இந்த மூன்றும் பொருந்தும் இடத்தில், குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்பதைவிடச் சிறந்த விதி இல்லை.

மருத்துவமனை மென்பொருளுக்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது.

ஆலிவர் வில்லியம்சன் என்னும் பொருளியல் அறிஞர், 2009-இல் நோபல் பரிசு பெற்றவர், இதை அழகாக விளக்கினார். ஏலத்தின்போது பத்துப் பேர் போட்டியிடுகிறார்கள். அரசின் கை ஓங்கியிருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆயிரக்கணக்கான பணியாளர்கள் அந்த மென்பொருளில் பழகி, இலட்சக்கணக்கான நோயாளர் விவரங்கள் அதற்குள் சேர்ந்தபின், விற்றவர் ஒருவர்தான் மிஞ்சுகிறார். போட்டிச் சந்தை சத்தமின்றி ஏகபோகமாக மாறிவிடுகிறது. இதற்கு அவர் அடிப்படை உருமாற்றம் என்று பெயரிட்டார். 2016-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலிவர் ஹார்ட் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்: நாளை நேரக்கூடிய எல்லாவற்றையும் இன்றே எழுதிவிடக்கூடிய ஒப்பந்தம் உலகில் இல்லை. எழுதாமல் விடப்பட்ட விஷயங்களில் யார் சொல் செல்லும் என்பதே உண்மையான அதிகாரம்.

நம் ஊர் உதாரணத்தில் பொருத்திப் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிவைக்கப்பட்டது. இரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் உள்ளவர்களின் வீட்டுக்கே சென்று பரிசோதித்து மாத்திரை கொடுக்கும் திட்டம். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனை மென்பொருளுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால், நோயாளி மருத்துவமனைக்கு வருவார் என்ற எண்ணத்தில்தான் அது எழுதப்பட்டிருக்கும். மருத்துவமனையே நோயாளியிடம் போகும் என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். புதிய தேவைக்கேற்ப மென்பொருளை மாற்ற வேண்டும் என்றால் முதலில் விற்றவரிடமே போக வேண்டும். அப்போது விலையைச் சொல்பவர் அவர். இரண்டாவது உறை கிடையாது.

இதன் விலை எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்குப் பிரிட்டனைப் பார்க்கலாம். 2002-இல் அந்நாட்டு தேசிய சுகாதாரச் சேவை, இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே மின்னணு மருத்துவப் பதிவேட்டை உருவாக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து மண்டலங்களை நான்கு பெருநிறுவனங்களிடம் நீண்டகால ஒப்பந்தத்தில் ஒப்படைத்தது. பேரம் கடுமையாக நடந்தது. விலையும் குறைவு என்று அப்போது பாராட்டப்பட்டது. வார்டில் வேலை பார்க்கும் மருத்துவரிடமும் செவிலியரிடமும் யாரும் போதிய அளவு கேட்கவில்லை. ஒரு நிறுவனம் 2006-இல் விலகியது, மற்றொன்று 2008-இல். 2011 செப்டம்பரில் திட்டத்தையே கலைப்பதாக அரசு அறிவித்தது. செலவு ஏறத்தாழ 1,000 கோடி பவுண்டு. அவ்வளவு வளமும் வழக்கறிஞர் படையும் கொண்ட அரசுக்கே இந்தக் கதி.

தமிழகத்தில் இந்த அளவுக்கு விபத்து நேரவில்லை. 2005-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் மருத்துவமனை மேலாண்மை மென்பொருள் படிப்படியாக வந்தது. 2019-இல் அதே வங்கி ஒப்புதல் அளித்த 28.7 கோடி டாலர் கடனில் சுகாதாரச் சீரமைப்புத் திட்டம் வந்தது. கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பதிவு செய்யும் பிக்மி இருக்கிறது. அந்த எண் பிறப்புச் சான்றிதழ் வரை பின்தொடர்கிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 முதல் நாடெங்கும் 14 இலக்க நல அடையாள எண்ணை வழங்கி வருகிறது. எதற்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றில் உள்ள விவரம் இன்னொன்றுக்கு எளிதில் நகர்வதில்லை என்பதுதான் களத்தில் கேட்கும் குறை. ஒரே கர்ப்பிணியின் விவரத்தைப் பதிவேட்டில் ஒருமுறையும் இணையத்தில் மறுமுறையும் எழுதும் கிராம சுகாதார செவிலியர்கள், இந்தப் பதிவுச் சுமையைக் குறைக்கக் கோரிப் போராடியும் இருக்கிறார்கள். கொள்முதல் கணக்கில் அவர்களது நேரத்துக்கு விலை போடப்படவில்லை. விலை போடப்படாத வளம் வீணாகச் செலவாகும் என்பது முதலாண்டுப் பொருளியல் மாணவருக்கும் தெரியும்.

உசிலம்பட்டியில் சிகிச்சை தொடங்கி, மேல்சிகிச்சைக்காக மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று தென் மாவட்டங்களிலிருந்தெல்லாம் அங்கே வருகிறார்கள். பலரது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்குள் பழைய சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம். தமிழகத்தின் மிக நம்பகமான மருத்துவத் தகவல் பரிமாற்றக் கருவி இன்னும் அந்த உறைதான் என்று நான் சொன்னால் மிகையாகாது. உறை தொலைந்தால் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும். எந்த மருந்து ஒவ்வாதது என்பதை நோயாளியின் நினைவிலிருந்து எடுக்க வேண்டும்.

இதற்குச் சட்டம் தடையா? 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைப் பலர் குறைந்த விலைச் சட்டம் என்றே கருதுகிறார்கள். அது சொல்வது வேறு. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, புறவயமான, அளவிடத்தக்க காரணிகளை அவற்றுக்குரிய எடையோடு கணக்கிட்டு, அதன்படி மிகக் குறைந்ததாக அமையும் புள்ளியை ஏற்க வேண்டும் என்கிறது. அதாவது, காரணிகளை எழுதும் உரிமை வாங்குபவருக்கு இருக்கிறது. எழுதாமல் விட்டால்தான் விலை மட்டும் மிஞ்சும். மத்திய நிதியமைச்சகமும் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டுதல்களில், தரம் முக்கியமான பணிகளுக்கு விலை அல்லாத கூறுகளுக்கு 30 சதவீதம் வரை எடை தரலாம் என்று வழிவிட்டது.

அப்படியிருந்தும் அதிகாரிகள் ஏன் குறைந்த விலையைப் பற்றிக்கொள்கிறார்கள்? தணிக்கைக்கு அஞ்சித்தான். கூடுதல் விலையில் நல்ல பொருளை வாங்கியவரிடம் ஏன் என்று கேட்பார்கள். குறைந்த விலையில் உதவாத பொருளை வாங்கியவரிடம் யாரும் கேட்பதில்லை. இந்த அச்சத்தை எள்ளி நகையாடுவதற்கில்லை. தரம் என்ற பெயரில் வேண்டியவருக்கு மதிப்பெண் போட்டு ஒப்பந்தத்தைத் தள்ளிவிடும் வித்தையை நம் நாடு பார்த்திருக்கிறது. விலை என்பது மறைக்க முடியாத எண். தரம் என்பது வளைக்கக்கூடிய கருத்து.

இங்கேதான் மருத்துவப் பணிகள் கழகத்தின் பழைய உத்தி கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். பெயரை மறைத்த மாதிரி! மருந்தின் தரத்தையும் ஒருவர் வளைத்திருக்க முடியும். யாருடைய மருந்து என்று ஆய்வாளருக்குத் தெரியாததால் முடியவில்லை. மென்பொருளையும் அப்படிச் சோதிக்கலாம். தகுதி உறையில் தேறிய நிறுவனங்களின் மென்பொருள்களை, பெயரும் சின்னமும் நீக்கி, ஒரு கிராமப்புற சுகாதார நிலையத்திலும், மேலூர் அல்லது திருமங்கலம் அரசு மருத்துவமனையிலும், ராஜாஜியின் ஒரு பிரிவிலும் சில வாரங்கள் ஓடவிட வேண்டும். ஒரு கர்ப்பிணியைப் பதிய எத்தனை நிமிடம் பிடித்தது, இணையம் அறுந்தபோது எழுதியது தங்கியதா, ஒரு நாளில் எத்தனை முறை உதவிக்குத் தொலைபேசியை எடுக்க நேர்ந்தது என்பவையெல்லாம் எண்ணத்தக்கவை. சட்டம் கேட்கும் புறவயமான, அளவிடத்தக்க காரணிகள் இவைதாம். மதிப்பெண் போடுபவர் அன்றாடம் அதைப் பயன்படுத்தப்போகும் செவிலியரும் மருந்தாளுநரும். மதிப்பெண் முழுவதையும் இணையத்தில் வெளியிட்டுவிட்டால் தணிக்கையாளருக்கும் கையில் ஓர் எண் கிடைக்கும்.

களச் சோதனையை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றின் வரலாறு மதுரையோடு பின்னியது. சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் கூகுளின் முறை குறித்த ஆய்வு 2016-இல் வெளியானது. அதில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்கேற்றது. 2019-இல் அம்முறை மதுரை அரவிந்தில் நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் அதன் துல்லியம் கண் மருத்துவர்களுக்கு இணையானது. ஆனால் அதே வகைக் கருவியைத் தாய்லாந்தின் சுகாதார நிலையங்களில் நிறுவிப் பார்த்த ஆய்வு, 2020-இல் வெளியானது, வேறொன்றைச் சொன்னது. செவிலியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், வெளிச்சம் போதாமை முதலிய காரணங்களால், கருவி மதிப்பிட மறுத்த படங்கள். இணைய வேகமும் படுத்தியது. அறிவு குறைந்தது கருவியில் அன்று. அறைக்குத் திரைச்சீலை இல்லை என்பதுதான் சிக்கல். திரைச்சீலையையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதை எந்த விலை உறையும் சொல்லாது.

இத்தகைய கருவிகளுக்கு நாம் கொடுக்கும் விலை பணம் மட்டுமும் அன்று. கருவி நம் மக்களின் கண்களையும் மார்புப் படங்களையும் பார்த்துப் பார்த்தே கூர்மை பெறுகிறது. இலட்சம் நோயாளர்களின் படங்களை அணுகும் வாய்ப்பு வணிக மதிப்புடைய சரக்கு. அதை இலவச இணைப்பாகக் கொடுத்துவிட்டு, கருவி மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்வது சரியான கணக்காகாது. 2023-இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது. அரசு வாங்குபவராக நின்று பேரம் பேசும் உரிமையை ஒப்பந்தம்தான் பேச வேண்டும்.

அப்படியானால் அரசே மென்பொருளை எழுதிவிடலாமே என்பார்கள். எழுதியும் இருக்கிறது. தொலைமருத்துவத்துக்கான இ-சஞ்சீவனியை மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் மொகாலி மையம் உருவாக்கியது. கொரோனா ஊரடங்கின்போது வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண அது வழிசெய்தது. அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களின் வரிசையில் தமிழகம் முன்னணியில் நின்றது. நல்ல வழிதான். எனினும் அரசு எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் மூடநம்பிக்கை. எழுதியவர் இடமாற்றம் பெற்றுப் போனபின் யார் பராமரிப்பது என்ற கேள்வி அங்கும் உண்டு.

யார் எழுதினாலும், உள்ளே சேரும் விவரம் பொதுவான வடிவில் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்திய மின்னணு நலப்பதிவுத் தரநிலைகள் இருக்கின்றன. நோய்களையும் சிகிச்சைகளையும் உலகமெங்கும் ஒரே குறியீட்டால் குறிக்கும் ஸ்நோமெட் சிடி சொற்றொகுதியில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு. அதற்கான கட்டணத்தை நாடு செலுத்திவிடுவதால் இங்குள்ள எவரும் தனிக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லா நோயாளர் விவரங்களையும் இந்த வடிவில், கூடுதல் கட்டணமின்றி, அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அப்படி ஒப்படைத்துக் காட்டவும் வேண்டும் என்று ஒரு நிபந்தனை போதும். விலகிச் செல்லும் கதவு திறந்திருந்தால், உள்ளே இருக்கும்போதே மரியாதை கிடைக்கும்.

ஸ்நோமெட் உதாரணம் இன்னொரு வகைக் கொள்முதலை நினைவூட்டுகிறது. கருவியை வாங்குவது பற்றி இவ்வளவு பேசும் நாம், அறிவை வாங்குவது பற்றிப் பேசுவதே இல்லை. மருத்துவ ஆய்வுகளை அலசி, எந்தச் சிகிச்சைக்கு உண்மையில் சான்று இருக்கிறது என்று தொகுத்துத் தரும் காக்ரேன் நூலகத்தை, இந்தியாவில் இணைய இணைப்புள்ள எவரும் படிக்கும்படி 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டுக்கே சந்தா கட்டியது. வளரும் நாடுகளுக்கு அது முன்னுதாரணமான செயல். நார்வே அதற்கு முந்தைய ஆண்டில் தன் சுகாதாரப் பணியாளர் அனைவருக்குமாக ஒரு தேசிய மின்நூலகத்தையே திறந்திருந்தது.

அறிவுக்கு ஓர் இயல்பு உண்டு; ஒருவர் படித்ததால் மற்றவருக்குக் குறைவதில்லை. மாத்திரையை ஆயிரம் பேருக்கு வாங்கினால் ஆயிரம் மடங்கு செலவு. நூலகச் சந்தாவை ஆயிரம் பேருக்கு விரித்தால் வழங்குவதற்கான கூடுதல் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. கூடுவது பதிப்பகத்தின் பேரம் மட்டும். எனவே தனித்தனியாக வாங்குவது மடமை, மொத்தமாக வாங்குவதே முறை. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இந்தத் தர்க்கத்தில் எழுந்ததே: மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள்.

ஆனால் அது உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் ஆனது. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் அமர்ந்திருக்கும் மாணவருக்கு ஆய்விதழ் திறக்கும். அங்கே பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே கிராமத்துச் சுகாதார நிலையத்தில் தனியாக இரவுப் பணி பார்க்கும் அதே இளைஞருக்கு, சட்டென்று ஐயம் எழும் வேளையில், திறக்காது. சுற்றிலும் மூத்த மருத்துவர்கள் உள்ள இடத்தில் நூலகம் இருக்கிறது. எவரும் இல்லாத இடத்தில் அதுவும் இல்லை. மருந்து விற்பனைப் பிரதிநிதி மட்டும் எல்லா இடத்துக்கும் தவறாமல் வருகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 முதல் வெளியிட்டு வரும் நிலையான சிகிச்சை வழிமுறைகள், ஒரே பக்கப் படங்களாக, செலவில்லாமல் கிடைக்கின்றன. அவற்றை மருத்துவமனை மென்பொருளுக்குள்ளேயே, நோயைப் பதியும் கட்டத்தின் பக்கத்திலேயே காட்டச் சொல்வதற்கு ஒப்பந்தப்புள்ளியில் ஒரு பத்தி போதும். மாநிலமே தன் மருத்துவர்கள் அனைவருக்கும் ஒரு மருத்துவத் தகவல் தொகுப்புக்கு மொத்தச் சந்தா கட்டுவது அடுத்த படி. அத்தியாவசிய மருந்துப் பட்டியலைச் சுருக்கி வாங்கத் தெரிந்த கழகத்துக்கு இது பெரிய வித்தை அன்று.

ஒப்பந்தப்புள்ளியில் நான் சேர்க்க விரும்பும் இன்னொரு வரி மிகச் சிறியது. பிற நாட்டு வார்ப்பில் எழுதப்பட்ட படிவங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? ஒருவர் தந்தை பெயரை இடுவார், ஒருவர் கணவர் பெயரை இடுவார், ஒருவர் வெறும் முதலெழுத்தைத் தட்டிவிட்டு நகர்வார். முத்துலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். ஒரே முத்துலட்சுமி வாடிப்பட்டியில் ஒருவராகவும் மதுரையில் இன்னொருவராகவும் பதிவாகிறார். பென்சிலின் அவருக்கு ஒவ்வாது என்ற குறிப்பு முதலாமவரிடமே தங்கிவிடுகிறது. பெயரைத் தமிழில் எழுதவும் தேடவும் இயல வேண்டும், முதலெழுத்து முன்னால் வர வேண்டும், குடும்பப் பெயர்க் கட்டம் கட்டாயமாக இருக்கக் கூடாது. பெயர் மறைத்த அந்தச் சோதனையில் செவிலியர் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.